இத்தாலி, நவம்பர் முதல் வாரம், கார், நாலு பேர்: சாப்பாட்டுப் பயணத் திட்டம், பிரித்து மேயுங்கள்

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து நாலு பெரியவர்கள் கிளம்புகிறோம். அக்டோபர் 30 வெள்ளி மதியம் இறங்கி, நவம்பர் 8 ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். அருங்காட்சியகம், கோபுரம் எல்லாம் இந்த முறை இரண்டாம்பட்சம்; சாப்பாடுதான் நோக்கம். வரைந்து வைத்திருப்பது:

30 மிலானில் இறங்கி ஆல்பா. 31 ஆல்பா வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் மணமிக்க காளான்) சந்தை. 1 சிங்க்வே தேர்ரே. 2 பார்மா. 3 மோதெனா. 4 சியெனா. 5 மொந்தால்சீனோ. 6 நோர்ச்சா, கறுப்பு ட்ரஃபிளுக்காக. 7 ரோம். 8 விமானம்.

அம்மா சைவம், முட்டை, பால் உண்டு, மீன், இறைச்சி, விலங்குக் கொழுப்பு கூடாது. மற்ற மூவருக்கும் எதுவும் ஆகும். ஓட்டுவது இருவர். இது நடக்குமா?

நெடுவழி:
நடக்கும், காருக்குள் பிஸ்கட் தின்றுகொண்டே. தினமும் ஓர் ஊர் என்றால் காலையில் பெட்டி கட்டி, பத்து மணிக்கு வெளியேறி, மதியம் இரண்டு மணிக்கு அடுத்த ஊரில் நுழைவீர்கள். நாட்டுப்புறத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தொடங்கும். இரண்டு, இரண்டேகாலுக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பிறகு இரவு ஏழரைக்குத்தான். சீஸ் கூடம், ஒயின் நிலவறை, சந்தை எல்லாமே காலை வேலை. ஆக உங்கள் வரைவில் ஒவ்வொரு நாளும் நல்ல நேரம் நெடுஞ்சாலையில் போகிறது.

முதலில் வெட்ட வேண்டியவை: சிங்க்வே தேர்ரேவில் காருக்கு வேலையே இல்லை, அது ரயிலில் பார்க்கிற இடம். நோர்ச்சாவின் கறுப்பு ட்ரஃபிள் குளிர்காலப் பொருள். பருவம் டிசம்பரில் தொடங்கி மார்ச் நடு வரை. அவர்கள் விழா வைப்பதே பிப்ரவரி கடைசியை ஒட்டித்தான். நவம்பர் 6ஆம் தேதி போனால் கிடைப்பது வேறு வகை, இல்லாவிட்டால் ஜாடிச் சரக்கு.

இரண்டு வட்டாரம் போதும்: எமிலியாவும் (பார்மா, மோதெனா பக்கம்) லாங்கேயும் (ஆல்பாவைச் சுற்றிய மலைப்பகுதி). மூன்று இடத்தில் தங்கல். ஒரு நாளுக்குக் காலையில் ஒரு முன்பதிவு, அதன்பின் ஒரு நல்ல மதியச் சாப்பாடு. இரவுக்குப் பசி இருக்காது. பழமும் ரொட்டியும் போதும்.

அத்திமரம்:
டஸ்கனியை, அதாவது சியெனா, மொந்தால்சீனோ பக்கத்தை, ஒரேயடியாக வெட்டிவிட வேண்டாமே. நவம்பரில் அங்கே ஆலிவ் ஆட்டும் பருவம். செக்கிலிருந்து அப்போதே இறங்கிய எண்ணெய், பச்சையாகக் கசந்து தொண்டையைக் கடிக்கும். அந்தக் காரம் சில மாதங்களில் தணிந்துவிடும். வெள்ளை ட்ரஃபிளும் இருக்கிறது, சான் மினியாத்தோவில். ஆல்பாவைவிடக் கூட்டம் குறைவு.

நெடுவழி:
சான் மினியாத்தோ சந்தை நவம்பரின் பிற்பாதி வாரக்கடைசிகளில். இவர்கள் 8ஆம் தேதி கிளம்புகிறார்கள். எண்ணெய்க்காக மட்டும் போனால் எமிலியாவிலிருந்து அப்பெனைன் மலையைத் தாண்டி டஸ்கனிக்குப் போய், திரும்பவும் வடமேற்கே ஆல்பாவுக்கு ஏற வேண்டும். டஸ்கனி வேண்டுமென்றால் ஆல்பாவை விடட்டும். இரண்டையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

அத்திமரம்:
சரி, தேதி உதைக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நவம்பர் 20க்கு மேல் போகிற யாராவது இதைப் படித்தால் டஸ்கனியை நினைவில் வையுங்கள்.

தராசு:
திசையைப் பற்றி ஒன்று. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள், பொது விடுமுறை. இம்முறை ஞாயிறில் விழுவதால் தனியாக விடுப்பு கிடைக்காது. ஆனாலும் அந்த வாரக்கடைசியில் ஆல்பாவில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ட்ரஃபிள் சந்தை பெரும்பாலும் சனி, ஞாயிறுதான். எனவே தலைகீழாகப் போடுங்கள்: பொலோஞாவில் இறங்கி எமிலியாவை முதலில் முடித்து, புதன்கிழமை லாங்கேக்கு நகர்ந்து, 7ஆம் தேதி சனிக்கிழமை ஆல்பா. திரும்பும் விமானம் டுரினிலிருந்து. ஆல்பாவிலிருந்து டுரினுக்குச் சுமார் ஒரு மணி நேர ஓட்டம். காரை வேறு ஊரில் விட ஒருவழிக் கட்டணம் இருக்கும். மிலான் வரை திரும்பி ஓட்டும் எரிபொருளையும் நேரத்தையும் கணக்குப் பார்த்தால் அது மேல்.

இன்னொரு லாபம். வெள்ளை ட்ரஃபிளுக்கு மழையும் குளிரும் வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் வருவது பெரும்பாலும் முற்றாத சரக்கு, மணம் மட்டு. நவம்பர்தான் சரியான மாதம். நெப்பியோலோ திராட்சை அறுவடையும் அக்டோபரோடு முடிந்திருக்கும். சிறிய ஒயின்காரர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். அக்டோபர் நடுவில் போனால் கதவைத் திறந்து ‘இன்று முடியாது’ என்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

தேம்ஸ்கரை:
தலைகீழ் யோசனை பிடித்திருக்கிறது. ட்ரஃபிள் வாங்குவதில் ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்? எவ்வளவு வாங்க வேண்டும்?

தராசு:
அளவு: ஒரு தட்டுக்கு 8 முதல் 10 கிராம். நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 35 கிராம் தாராளம். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். 100 கிராம் 250 யூரோவிலிருந்து 500 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வறண்ட ஆண்டில் அதையும் தாண்டும். பெரிய ட்ரஃபிளுக்குக் கிராம் விலையே கூடுதல், அது வெறும் அழகுக்கு. உங்களுக்குச் சிறியவை இரண்டு போதும்.

பார்க்க வேண்டியது: விரலால் லேசாக அழுத்தினால் இறுக்கமாக இருக்க வேண்டும், ரப்பர்போல் அமுங்கினால் பழசு. மண் அப்பியிருந்தால் துலக்கிக் காட்டச் சொல்லுங்கள். எடைக்காகப் பொந்தில் மண் அடைப்பது பழைய தந்திரம். மூக்குக்கு வெள்ளைப்பூண்டு, தேன், ஈர மண் கலந்த வாசம் வர வேண்டும். அமோனியா நெடி அடித்தால் நகர்ந்துவிடுங்கள். ஆல்பா சந்தைக்குள் விற்பதை ட்ரஃபிள் ஆய்வு மையத்தின் மதிப்பீட்டாளர்கள் காலையிலேயே சோதிக்கிறார்கள். எண்ணிட்ட காகிதப் பையில் தருவார்கள். குறை இருந்தால் அந்தப் பையோடு அங்கேயே முறையிடலாம். வெளியே தெருவில் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வாங்கிய அன்றே தின்பது உத்தமம். வைக்க வேண்டுமென்றால் சமையலறைக் காகிதத்தில் சுற்றி, கண்ணாடி ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள்: அரிசி ஈரத்தை உறிஞ்சும், ட்ரஃபிள் வற்றிப்போகும். அதே ஜாடியில் முட்டைகளை ஓட்டோடு வைத்தால் மணம் ஓட்டைக் கடந்து உள்ளே இறங்கும், அது உபரி வரவு. கழுவுவது சமைக்கும் நேரத்தில்தான், அதுவும் ஈரத் தூரிகையால் ஒரு துடைப்பு.

வெள்ளை ட்ரஃபிளை அடுப்பில் வைக்கவே கூடாது. மணம் முழுவதும் ஆவியாகும் பொருள். சூடான உணவின் மேல் பச்சையாகச் சீவினால் அந்த வெப்பத்திலேயே மணம் எழும், வாணலியில் போட்டால் போய்விடும்.

உணவகத்தில் உணவுக்குத் தனி விலை, ட்ரஃபிளுக்குக் கிராம் விலை. சீவுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துக் காட்டுவார்கள். முன்கூட்டியே ‘கிராம் எவ்வளவு’ என்று கேட்பது அங்கே கௌரவக் குறைச்சல் அல்ல. போதும் என்று நீங்கள் சொல்லும்வரை சீவுகிற பரிமாறுபவர்களும் உண்டு, கையை நீட்டி நிறுத்துங்கள்.

கடுகுத்தாளிப்பு:
இதில் அம்மாவுக்கும் வழி இருக்கிறது. ஆல்பா பக்கம் சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள். வெண்ணெயில் மெதுவாகப் பொரித்த முட்டை, மேலே ட்ரஃபிள். உணவகங்களில் விலை உயர்ந்த தட்டாக வருவதும் இதுவேதான். சீவும் தகடு சந்தையிலேயே விற்பார்கள்.

ட்ரஃபிள் எண்ணெய் வாங்காதீர்கள். பெரும்பாலானவை ஆலிவ் எண்ணெயில் செயற்கை மணச்சேர்மம் கலந்தவை.

தேம்ஸ்கரை:
கடுகுத்தாளிப்பு அக்கா, அம்மாவுக்கு மற்ற வேளைகளில் என்ன? ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்களா?

கடுகுத்தாளிப்பு:
சொல் புரியும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடங்களில். எமிலியாவில் ஞோக்கோ ஃப்ரித்தோ பூரி மாதிரி உப்பி வரும், ஆசையாக இருக்கும். ஆனால் மரபாகப் பொரிப்பது பன்றிக் கொழுப்பில். தோர்த்தெல்லினி என்னும் சிறு பாஸ்தாவுக்குள் இறைச்சி, மிதப்பதும் இறைச்சிச் சாறில். ரெஜ்ஜோ பக்கத்துக் கீரை அடையான எர்பாத்ஸோனேயில் பன்றிக் கொழுப்போ பன்றி இறைச்சித் துண்டோ இருப்பது வழக்கம். ரிசோத்தோ என்னும் குழைவான அரிசிச் சாதத்துக்கு ஊற்றும் சாறு பெரும்பாலும் இறைச்சி அல்லது கோழிச் சாறு. ஆல்பா இருக்கும் பியெத்மோந்தே மாநிலத்தில் அஞோலோத்தி தெல் பிளின் இறைச்சிப் பூரணம் வைத்த பாஸ்தா, பாஞா காவ்தா நெத்திலி போட்ட சூடான தொக்கு. பன்னா கோத்தா என்னும் பாலாடை இனிப்பில் ஜெலட்டின், அதுவும் விலங்குப் பொருள். அதற்குப் பதில் போனெத் கேளுங்கள், முட்டை, பால், கோக்கோ, அமரெத்தி பிஸ்கட் போட்ட புட்டிங். அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: பார்மாவின் பாஸ்தாவான தோர்த்தெல்லி தெர்பெத்தா, உள்ளே ரிகோத்தா என்னும் மென்சீஸும் கீரையும், மேலே உருகிய வெண்ணெய். பூசணிப் பூரணம் வைத்த தோர்த்தெல்லி தி சூக்கா. தாயரின், அதாவது மஞ்சள் கருவைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்த மெல்லிய நூடுல். ஆனால் வழக்கமான குழம்பு இறைச்சி, எனவே ‘அல் புர்ரோ’ என்று வெண்ணெயோடு கேளுங்கள். போர்ச்சினி காளானோடு பொலெந்தா, அதாவது மக்காச்சோளக் களி. பார்மாவுக்குத் தென்மேற்கே போர்கோ வால் தி தாரோ மலைக் காளானுக்குப் பேர்போனது, நவம்பரில் புதுக்காளான் முடிவுக்கு வந்திருக்கும், உலர்த்தியது தாராளம்.

சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ தி கார்னே, சென்சா ஸ்த்ரூத்தோ, சென்சா அச்சூகே.’ இறைச்சி, இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு, நெத்திலி நான்கும் வேண்டாம் என்று. அக்ரித்துரிஸ்மோ பண்ணை வீடுகளில் இரவுச் சாப்பாடு ஒரே பட்டியல்தான், எல்லாருக்கும் ஒன்று; இரண்டு நாள் முன்னே எழுதிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் காய்கறி சாலட் வரும்.

உறைமோர்:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அந்தப் பக்கத்துப் பேர்போன சீஸான பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்னும் நொதி. விதியே அப்படி; சைவ பார்மிஜானோ என்று ஒன்று கிடையாது. தோர்த்தெல்லி தெர்பெத்தாவுக்குள்ளும் மேலேயும் அதுதான் இருக்கும். ரிகோத்தா மோர்நீரிலிருந்து வருவது, அந்த மோர்நீரும் ரென்னெட் போட்ட பாலுடையது. மஸ்கார்ப்போனே என்னும் க்ரீம் சீஸ் மட்டும் அமிலத்தால் திரித்தது. அம்மா எந்த அளவுக்குப் பார்ப்பவர் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், அங்கே மேசையில் அல்ல.

தேம்ஸ்கரை:
இது தெரியாது. கேட்டேன். சீஸை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார், ஆனால் செய்வதைப் பார்க்க வருவாராம்.

உறைமோர்:
அப்படியென்றால் கூடத்தை ஒழுங்காகப் பார்க்கட்டும். காலை எட்டு, எட்டரைக்குள் வாசலில் நிற்க வேண்டும். பத்தரைக்குப் போனால் தரை கழுவுவதைத்தான் பார்ப்பீர்கள்.

முந்தின மாலைப் பால் இரவு முழுக்க அகலத் தொட்டியில் நின்று ஆடை மேலே வந்திருக்கும். ஆடை நீக்கிய அந்தப் பாலையும் காலைக் கறவையையும் செம்புக் கொப்பரையில் கலப்பார்கள். கவிழ்த்த மணி வடிவம், தலா ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். முந்தின நாள் மோர்நீரை உறையாக ஊற்றி, பிறகு ரென்னெட். நாம் உறைமோர் விடுவதன் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியான தயிரை ஸ்பீனோ என்னும் கம்பிக் கூண்டால் அரிசி மணி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடேற்றுவார்கள். துகள்கள் அடியில் படிந்து ஒரே கட்டியாகும். அதை இருவர் துணியில் தூக்கி, நடுவில் வெட்டி இரட்டையாக்கும் கட்டம்தான் காண வேண்டியது. ஒரு கொப்பரைக்கு இரண்டு சக்கரம். ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ, அதற்குச் சுமார் 550 லிட்டர் பால்.

பிறகு மூன்று வாரத்துக்குக் கிட்ட உப்புநீர், குறைந்தது 12 மாதம் அலமாரி. வாங்கும்போது 24 மாதம் கேளுங்கள், அதுதான் நடுநிலை. 36 மாதம் பொடிந்து காரமாக இருக்கும், பாஸ்தாவில் போட்டு வீணாக்காமல் துண்டாகத் தின்ன வேண்டியது. பார்மிஜானோ தயாரிப்பாளர் கூட்டமைப்பின் இணையதளத்தில் பார்வையாளரை ஏற்கும் கூடங்களின் பட்டியல் உண்டு, முன்பதிவு கட்டாயம். ஞாயிறன்றும் சீஸ் செய்வார்கள், ஆனால் பல கூடங்கள் அன்று பார்வையாளரை எடுப்பதில்லை. திங்களுக்குப் போடுங்கள்.

பன்றித்தொடை ஹாம் பார்க்க லாங்கிரானோ, பார்மாவுக்குத் தெற்கே அரை மணி. குதிரை எலும்பு ஊசியால் குத்தி முகர்ந்து சோதிப்பார்கள். எலும்பு மணத்தைச் சட்டென்று பிடித்துச் சட்டென்று விடும், அதனால்தான் அந்த எலும்பு. குலாத்தெல்லோ என்னும் இன்னொரு வகை ஹாம் வேண்டுமென்றால் எதிர்த் திசை, வடக்கே போ ஆற்றங்கரை. அந்தப் பனிமூட்டத்தில்தான் அது பக்குவமாகிறது.

அத்திமரம்:
பால்சாமிக் வினிகரில் ஏமாறுவதும் எளிது. இரண்டு தனித்தனிப் பொருள். ‘ஐ.ஜி.பி.’ என்றிருப்பது ஒயின் வினிகரும் திராட்சைச் சாறும் கலந்தது, 60 நாள் வைத்தால் போதும், நிறத்துக்குக் கேரமல் சேர்க்கவும் அனுமதி உண்டு. ‘த்ரதித்சியோனாலே, டி.ஓ.பி.’ என்பது வெறும் காய்ச்சிய திராட்சைச் சாறு. வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு, ‘எக்ஸ்த்ராவேக்கியோ’ என்றால் 25. பீப்பாய்கள் பரணில் இருக்கும்: கோடை வெயிலில் வற்ற வேண்டும், குளிரில் தெளிய வேண்டும். மோதெனாவில் அது 100 மில்லி குமிழ்க் குப்பியில் மட்டுமே வரும், எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒரே வடிவம். பெரிய பாட்டிலில் ‘பழைமையானது’ என்று எழுதியிருந்தால் அது இதுவல்ல. இதைச் சமைக்காதீர்கள், சொட்டாக, ஐஸ்கிரீம்மேலோ சீஸ்மேலோ. இதில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை, அம்மாவுக்கு இது நல்ல பிற்பகல்.

நெடுவழி:
சாப்பாட்டுக்காரர்கள் பேசி முடித்தால் காருக்கு வருகிறேன்.

ZTL, அதாவது அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி. பார்மா, மோதெனா, பொலோஞா உட்படப் பெரும்பாலான பழைய நகர மையங்களில் உண்டு. வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், பக்கத்தில் கேமரா. மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்றால் தடை இயங்குகிறது, நுழையாதே. ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும், உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனிக் கட்டணம் எடுக்கும். வழிகாட்டி ஆப் பல சமயம் எச்சரிக்காது. மையத்துக்கு வெளியே நிறுத்தி நடங்கள். தங்குமிடம் உள்ளே இருந்தால் வண்டி எண்ணை அவர்கள் பதிய வேண்டும், வருவதற்கு முன்பே கேளுங்கள்.

எரிபொருள்: ‘கசோலியோ’ என்பது டீசல், ‘பென்சீனா’ பெட்ரோல். பெயரைப் பார்த்து டீசலைப் பெட்ரோல் என்று நிரப்பி எஞ்சினைக் கெடுப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ‘சர்வீத்தோ’ வரிசையில் ஆள் நிரப்புவார், விலை கூட. நீங்களே நிரப்பும் இயந்திரத்தில் அட்டை போட்டால் முதலில் பெரிய தொகையைப் பிடித்துவைத்து, பிறகு விடுவிப்பார்கள். கணக்கில் இடம் வைத்திருங்கள்.

சுங்கச் சாவடியில் மஞ்சள் ‘தெலேபாஸ்’ மட்டும் உள்ள தடத்தில் போகாதீர்கள், அது மின்னணுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. நுழையும்போது எடுத்த சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தொலைத்தால் அந்தச் சாலையின் தொலைதூர நுழைவிலிருந்து வந்ததாகக் கணக்கிடுவார்கள்.

வேகம்: நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. ஊர்ச்சாலை 90, ஊருக்குள் 50. லாங்கேயில் அந்த 90 வெறும் எண்தான். மலைமுகட்டுச் சாலை, பதினைந்து கிலோமீட்டருக்கு அரை மணி. திராட்சை வண்டிகள் விட்டுப்போன சேறு ஈரத்தில் வழுக்கும்.

பனிமூட்டம்தான் எமிலியாவில் உண்மையான ஆபத்து. நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டும்; போ சமவெளியில் இரவிலும் அதிகாலையிலும் முன்வண்டி தெரியாது. பின்பக்கப் பனிவிளக்கு எந்தப் பொத்தான் என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள். ஹை பீம் போடாதீர்கள், ஒளி திரும்ப உங்கள் கண்ணிலேயே அடிக்கும். பார்மாவிலிருந்து ஆல்பா சுமார் 200 கி.மீ., இரண்டரை மணி. காலை பத்துக்குக் கிளம்பினால் மூட்டம் கொஞ்சம் எழுந்திருக்கும். பியாசென்சா, அலெஸ்ஸாந்திரியா, ஆஸ்தி வழி.

மது வரம்பு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். லாங்கேயின் பரோலோ ஒயின் 14 சதவீதம் ஆல்ககால், மூன்று இடத்தில் விழுங்கினால் தாண்டிவிடும். அன்று ஓட்டுபவர் துப்ப வேண்டும், அதற்கென்றே மேசையில் பாத்திரம் இருக்கும்.

தேம்ஸ்கரை:
பிரிட்டிஷ் உரிமம் போதும்தானே? சீஸ், ஹாம் கொண்டுவரலாமா?

நெடுவழி:
அட்டை உரிமம் போதும். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ.வில் பன்னாட்டு அனுமதி வாங்கி, இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். வைப்புத்தொகைக்கு ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் பல இடங்களில் செல்லாது. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இப்போதே போடுங்கள்.

உறைமோர்:
கொண்டுவர முடியாது. 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குச் சொந்த உபயோகத்துக்குக்கூட மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால்பொருட்களும் தடை, கடையில் வாக்குவம் பேக் செய்ததும் சேர்த்துத்தான். பால்சாமிக், ஆலிவ் எண்ணெய், பாஸ்தா, அரிசி, வறுத்த ஹேசல்நட் கொண்டுவரலாம். லாங்கே ஹேசல்நட்டைத் தேடி வாங்குங்கள். குப்பிகளைச் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.

தேம்ஸ்கரை:
திருத்திய திட்டம்:

30 வெள்ளி பொலோஞா, கார் எடுத்து ஸ்பிலம்பேர்த்தோ பக்கம் பண்ணை வீடு, 3 இரவு. 31 சனி காலை மோதெனாவின் அல்பினெல்லி சந்தை, பிற்பகல் வினிகர் பரண். 1 ஞாயிறு கஸ்தெல்வெத்ரோ திராட்சைத் தோட்டங்கள், முன்பதிவு செய்த மதியச் சாப்பாடு. 2 திங்கள் காலை சீஸ் கூடம், அங்கிருந்து பார்மா, தெற்கே 2 இரவு. 3 செவ்வாய் லாங்கிரானோ. 4 புதன் ஆல்பா அருகே சமையலறை உள்ள வீடு, 4 இரவு. 5 வியாழன் பரோலோ, லா மோர்ரா ஒயின் கிராமங்கள். 6 வெள்ளி பார்பரெஸ்கோ, அதுவும் ஒயின் கிராமம். 7 சனி ஆல்பா. 8 டுரின்.

தராசு:
நன்று. சில திருத்தம். புதன் இரவு உணவகம் தேடாதீர்கள்; லாங்கேயில் பலர் செவ்வாய், புதனில் மூடுவார்கள். வழியிலேயே காய்கறி, முட்டை, வெண்ணெய் வாங்கிவிடுங்கள். வியாழனுக்கு ஒயின்காரர் ஒருவரை மட்டும் மின்னஞ்சலில் பிடியுங்கள், காலை பத்தரைக்கு. மற்றதைப் பரோலோ கோட்டைக்குள் இருக்கும் வட்டார ஒயின் கூடத்தில் கிளாஸ் கணக்கில் ருசிக்கலாம். பார்பரெஸ்கோவில் அதே மாதிரியானது ஒரு பழைய தேவாலயத்துக்குள் இருக்கிறது.

சனிக்கிழமை ஆல்பாவில் வாரச்சந்தையும் சேர்ந்துகொள்ளும். ஒன்பது மணிக்கு முன் வண்டியை ஊர் ஓரத்தில் நிறுத்திவிடுங்கள். பதினொன்றுக்கு மேல் ட்ரஃபிள் கூடத்தில் நெரிசலில் எதையும் முகர்ந்து பார்க்க முடியாது.

கடுகுத்தாளிப்பு:
ஞாயிறு மதியச் சாப்பாட்டை இன்றே பதியுங்கள். குடும்பம் குடும்பமாக வரும் நாள் அது, பண்டிகையும்கூட. பதியும்போதே அந்த நாலு ‘சென்சா’வையும் எழுதிவிடுங்கள், ஐந்தாவதாக ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’ சேர்த்து. அம்மா சீஸை விட்டுவிட்டாரே.